தோலில் ஒட்டிய சென்சார் தவறாகக் காட்டும்போது: குறை வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். மேல்கையின் பின்பக்கம் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரைச் சென்சாரை வாங்கிச் செல்பவர்களில் சிலர், இரண்டு நாள் கழித்து அதைப் பிய்த்தெடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு திரும்பி வருகிறார்கள். "அக்கா, இது பொய் சொல்லுது, மாத்திக் குடுங்க" என்கிறார்கள். பிய்த்த சென்சாரை மறுபடி ஒட்ட முடியாது. 14 நாள் உழைக்க வேண்டிய, சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள ஒரு பொருள் இரண்டாம் நாளே குப்பைக்குப் போவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. ஏனென்றால், நிதானமாக விசாரித்தால் பல நேரங்களில் பழுது கருவிக்குள் இருப்பதில்லை, கருவிக்கும் தோலுக்கும் இடையில்தான் இருக்கிறது. ஆகவே கடையில் நான் கேட்கும் குறைகளையே தலைப்புகளாக வைத்து, எதை முதலில் பார்க்க வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பதை எழுதுகிறேன். இன்சுலின் பம்ப், மருந்து ஒட்டு ஆகிய இரண்டும் தோல் வழியாகவே வேலை செய்வதால் அவற்றையும் சேர்த்திருக்கிறேன்.

குறை எதுவானாலும், நோயாளிக்கு நினைவு தடுமாறினாலோ, வலிப்பு வந்தாலோ, மூச்சு மந்தமானாலோ, கருவியை ஆராய்ந்துகொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள். நம் பகுதியில் இருப்பவர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது. நினைவில்லாதவரின் வாயில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

உடல் ஒன்று சொல்கிறது, எண் வேறொன்று சொல்கிறது

இந்தக் குறைதான் அதிகம் வருகிறது. இதைப் புரிந்துகொள்ள, சென்சார் எதை அளக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் நுனியிலிருந்து ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளமுள்ள மெல்லிய இழை ஒன்று தோலுக்கடியில் இறங்கி நிற்கிறது. அந்த இழையில் பூசப்பட்ட நொதி, அங்குள்ள குளுக்கோஸோடு வினைபுரிந்து சிறிய மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அந்த மின்னோட்டமே எண்ணாக மாறித் திரையில் தெரிகிறது. 1962-இல் லேலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் முன்வைத்த நொதி மின்முனைதான் இதற்கு மூலம். ஆனால் இழை நிற்பது இரத்தக் குழாயில் அன்று. உயிரணுக்களுக்கு இடையே கசிந்து நிற்கும் நீரில். இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அந்த நீரில் ஏறுவதற்கு 5 முதல் 15 நிமிடம் வரை ஆகிறது, இறங்கும்போதும் அப்படியே. காலையில் நான்கு இட்லி சாப்பிட்டு அரை மணி நேரத்தில் விரலில் குத்திப் பார்த்து, அது 190 காட்ட, சென்சார் 155 காட்டினால் இரண்டில் ஒன்று பொய்யென்று முடிவு கட்ட வேண்டியதில்லை. ஏறிக்கொண்டிருக்கும் வேளையில் இரண்டும் ஒன்றாக இருப்பதுதான் அரிது.

எனவே இரண்டையும் ஒப்பிட விரும்பினால், உணவுக்கு முன்பு, நடைக்குப் போகாமல் அமைதியாக இருக்கும் வேளையில், சர்க்கரை ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் திரையிலுள்ள அம்பு கிடையாகப் படுத்திருக்கும்போது ஒப்பிடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பின்னரே விரலில் குத்துங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் குத்தினால் குளுக்கோமீட்டர் பழத்தின் சர்க்கரையையும் சேர்த்துக் காட்டும். குளுக்கோமீட்டருக்கும் பிழை வரம்பு உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2013-ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தரநிலைப்படி, 100-க்கு மேற்பட்ட அளவுகளில் ஆய்வகக் கணக்கிலிருந்து 15 சதவீதம் வரை விலகலாம். 200 இருக்கும் ஒருவருக்கு நல்ல குளுக்கோமீட்டரே 175 என்றோ 225 என்றோ காட்டினால் அது அனுமதிக்கப்பட்ட விலகல்தான்.

ஒட்டிய முதல் நாளில் எண்கள் தள்ளாடுவது இயல்பு. இழை நுழைந்த இடத்தில் தோல் சிறு காயம் பட்டிருக்கிறது. அது ஆறும்வரை அளவு நிலைப்படாது. முதல் 24 மணி நேரத்தில் இன்சுலின் அளவை மாற்றுவதற்கு முன் விரலில் குத்திப் பார்த்துக்கொள்வது நல்லது.

மருந்துகளையும் பாருங்கள். சளிக்கு நல்லதென்று வைட்டமின் சி மாத்திரையை நாளுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் சப்பிக்கொண்டிருந்தால், சில வகைச் சென்சார்கள் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். வேறு சில வகைகளில் பாராசிட்டமால் அளவு மீறினாலும், இரத்த நோய்களுக்குத் தரப்படும் ஹைட்ராக்ஸியூரியாவாலும் இதே போல் எண் பொய்யாக ஏறும். பொய்யாக ஏறிய எண்ணைப் பார்த்து இன்சுலின் போட்டுக்கொள்வதுதான் இதிலுள்ள உண்மையான ஆபத்து. பெட்டிக்குள் இருக்கும் தாளில் உங்கள் சென்சாருக்கு எந்த மருந்து ஆகாது என்று அச்சிட்டிருக்கும். எழுத்து பொடியாக இருந்தால் கடையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம்.

லோ சுகருக்குச் சர்க்கரை சாப்பிட்டும் எண் ஏறவே இல்லை

காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்கும் ஒருவர் எங்கள் கடைக்கு வருவார். ஒரு நாள் விடியற்காலை வேலையில் கை நடுங்கி வியர்த்துக் கொட்ட, சென்சார் 58 காட்டியிருக்கிறது. சரியாகவே சர்க்கரைத் தண்ணீர் குடித்திருக்கிறார். பத்து நிமிடம் கழித்தும் 56 என்றே காட்டியதால் பயந்துபோய் இன்னொரு தம்ளர் குடித்து, இரண்டு பன் சாப்பிட்டு, டீயும் குடித்திருக்கிறார். எட்டு மணிக்குச் சர்க்கரை 310. அவர் செய்தது பிழை என்று நான் சொல்ல மாட்டேன். அந்த நடுக்கத்தில் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் முதல் தம்ளரிலேயே இரத்தத்தில் சர்க்கரை ஏறத் தொடங்கியிருக்கும். தோலடி நீருக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது தண்ணீரில் கரைத்த மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை, எடுத்துக்கொண்டு உட்காருங்கள். 15 நிமிடம் கழித்து விரலில் குத்திப் பாருங்கள். சென்சாரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இன்னும் 70-க்குக் கீழே இருந்தால் மட்டும் இன்னொரு முறை. பிஸ்கட்டும் பாலும் சாக்லேட்டும் இந்த நேரத்துக்கு உதவாது, அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரையை மெதுவாக்கிவிடும்.

ஒரு விலக்கு உண்டு. வோக்ளிபோஸ் அல்லது அகார்போஸ் கலந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை உடனே உறிஞ்சப்படாது. அந்த மாத்திரையின் வேலையே அதைத் தடுப்பதுதான். அவர்கள் குளுக்கோஸ் பொடிப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டும். உங்கள் மாத்திரை அட்டையின் பின்புறத்தில் இந்தப் பெயர்கள் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள்.

நள்ளிரவில் லோ என்று அலறுகிறது, எழுந்தால் சரியாகிவிடுகிறது

சென்சார் ஒட்டிய பக்கமே சாய்ந்து படுத்தால் அந்த இடம் அழுந்துகிறது. அங்கே இரத்த ஓட்டம் குறைந்து, இழையைச் சுற்றியுள்ள நீரில் குளுக்கோஸ் வற்றுகிறது. கருவி தான் இருக்கும் இடத்தின் நிலையை நேர்மையாகவே சொல்கிறது, அது முழு உடலின் நிலை அன்று. வரைபடத்தைப் பார்த்தால் இதைக் கண்டுபிடிக்கலாம். 120-இல் சென்றுகொண்டிருந்த கோடு திடீரென்று கிணற்றில் விழுந்ததுபோல் 55-க்கு இறங்கி, புரண்டு படுத்ததும் அதே வேகத்தில் மேலே வந்திருக்கும். உண்மையான தாழ்நிலை பெரும்பாலும் இப்படிச் செங்குத்தாக விழுந்து எழுவதில்லை.

ஆனாலும் இன்சுலின் போடுபவரும், சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவரும், "இது அழுத்தத்தால்தான்" என்று தாமாக முடிவு செய்து தூங்கிவிடக் கூடாது. விரலில் குத்திப் பார்த்த பின்னரே தூங்க வேண்டும். அடுத்த சென்சாரை நீங்கள் சாயாத பக்கத்துக் கையில் ஒட்டுங்கள். ஒரே அறையில் பாய் போட்டு நான்கைந்து பேர் நெருக்கிப் படுக்கும் வீடுகளில், ஒட்டிய கை சுவரை நோக்கி அழுந்தாமல் இருக்கும்படி படுக்கும் இடத்தை மாற்றிக்கொண்டாலே சிலருக்கு இந்த அலறல் நின்றுவிடுகிறது.

சென்சாரின் கட்டளைப்படி தானாக இயங்கும் பம்ப் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பொய்த் தாழ்நிலை இன்னொரு விளைவைத் தரும். எண் இறங்குவதாக நினைத்துப் பம்ப் இன்சுலினை நிறுத்திவிடும். விடிந்ததும் காரணம் புரியாமல் சர்க்கரை ஏறியிருக்கும். காலை உயர்வுக்கு விடை தேடுபவர்கள் இரவு வரைபடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஒட்டு நிற்கவில்லை

அக்னி நட்சத்திரக் காலத்தில் இந்தக் குறையோடு வருபவர்கள் கூடிவிடுகிறார்கள். கடற்காற்றின் ஈரமும் வியர்வையும் சேர்ந்து பசையை மூன்றாம் நாளே ஓரத்தில் தூக்கிவிடுகின்றன. ஆனால் பசை தோற்பது பெரும்பாலும் ஒட்டிய அந்த முதல் ஐந்து நிமிடத்தில்தான்.

எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் ஒட்டாதீர்கள். தேங்காய் எண்ணெய் சோப்புக்கும் முழுதாகப் போகாது. நல்லெண்ணெய் அதைவிட மோசம். ஈரப்பதக் கிரீம் கலக்காத சாதாரணச் சோப்பால் கழுவி, துடைத்து, ஸ்பிரிட் பஞ்சால் ஒருமுறை துடைத்து, அது தானாக உலரும்வரை காத்திருங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் படியும். முடி அடர்ந்த கையானால் முதல் நாளே மழித்துவிடுங்கள், அன்றே மழித்தால் எரியும். மின்விசிறிக்குக் கீழே, உடல் வியர்க்காத நேரத்தில் ஒட்டி, விளிம்பைச் சுற்றி விரலால் அழுத்திவிடுங்கள். உடம்பின் சூட்டில்தான் பசை பிடிக்கும். அதன் பிறகு சில மணி நேரம் குளிக்காமலும் மூட்டை தூக்காமலும் இருப்பது பசைக்கு நல்லது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒட்டுவதையே நான் பரிந்துரைப்பேன்.

ஓரம் மட்டும் தூக்கியிருந்தால் மேலே ஒட்டும் டேப்பைப் போடலாம். சென்சாரின் நடுவே துளை இருந்தால் அதை மூடாதீர்கள். சென்சாரே பாதி எழும்பி நின்றால் இழையும் வெளியே வந்திருக்கும். அதை அழுத்தி உள்ளே தள்ளுவது வீண், தொற்றுக்கும் வழி. செருப்புக்குப் போடும் பசையை வைத்து ஒட்டிக்கொண்டு வந்த ஒருவருக்குத் தோல் வெந்தே போயிருந்தது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

தண்ணீரைப் பொறுத்தவரை, பரவலாக விற்கும் சென்சார்கள் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் வரை தாங்கும். குளியலுக்கு அது போதும். கடலில் இறங்கி வலை இழுப்பவர்களுக்குப் போதாது. அவர்கள் மருத்துவரிடம் பேசி, வேலை இல்லாத வாரங்களில் மட்டும் ஒட்டிக்கொள்வது மேல்.

தோல் சிவந்து அரிக்கிறது

சென்சாரைக் கழற்றிய பின் வட்டமாகச் சிவந்திருந்து, ஓரிரு நாளில் மறைந்தால் அது வியர்வையும் பசையும் சேர்ந்து செய்த எரிச்சல். ஒவ்வொரு முறையும் இடம் மாற்றி ஒட்டினால் போதும். ஒவ்வாமை வேறு மாதிரி இருக்கும்: பல மாதம் தொந்தரவின்றி ஒட்டியவருக்குத் திடீரென்று தொடங்கி, ஒவ்வொரு புதுச் சென்சாருக்கும் விரைவாகவும் கடுமையாகவும் வந்து, சிறு நீர்க்கொப்புளமும் கசிவும் உண்டாகும். ஐசோபோர்னில் அக்ரிலேட் என்னும் பசைப்பொருள் இதற்குக் காரணமென்று 2017-இல் தோல் மருத்துவர்கள் கண்டறிந்து எழுதினார்கள். இப்படிப்பட்டவர்கள் களிம்பு தடவிக்கொண்டு அதே வகையைத் தொடர்வது சரியான வழி அன்று. தோல் மருத்துவரைப் பார்த்து வேறு வகைக்கு மாற வேண்டும். தொட்டால் சூடு, துடிக்கும் வலி, சீழ், காய்ச்சல் ஆகியவை தொற்றின் அடையாளங்கள். சென்சாரைக் கழற்றி அன்றே மருத்துவரிடம் போங்கள்.

சிக்னல் இல்லை என்கிறது

போன் வேறு அறையில் இருக்கலாம். ப்ளூடூத் சில மீட்டருக்குத்தான் எட்டும், நடுவே உங்கள் உடம்பே குறுக்கிட்டாலும் குறையும். பேட்டரியை மிச்சப்படுத்தும் அமைப்பு செயலியைப் பின்னணியில் உறங்க வைத்திருக்கலாம். அந்தச் செயலிக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். இரவில் போனை ஒலியில்லாமல் வைப்பவர்கள், தாழ்நிலை எச்சரிக்கை அதையும் மீறி ஒலிக்கிறதா என்று விழித்திருக்கும் நேரத்தில் சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டுப் படிக்கும் வகைச் சென்சார் 8 மணி நேரக் கணக்கையே தன்னிடம் வைத்திருக்கும். அதற்கு மேல் படிக்காமல் விட்டால் வரைபடத்தில் இடைவெளி விழுவது பழுது ஆகாது.

வண்ணாரப்பேட்டை மெட்ரோ நிலையத்தில் பையை எக்ஸ்ரே இயந்திரத்தில் விடும்போது, பிரிக்காத சென்சாரை வெளியே எடுத்துக் கையில் காட்டுங்கள். எக்ஸ்ரேயில் விடக் கூடாத வகைகள் உண்டு. எம்ஆர்ஐ எடுப்பதென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பல வகைகளைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

வெப்பநிலை பிழை என்று வந்தால், வெயிலிலிருந்து நிழலுக்கு வந்து பத்து நிமிடம் பொறுங்கள். புதுச் சென்சாரையும் இன்சுலினையும் மே மாதத்தில் வண்டியின் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு எண்ணூர் வரை போனால், இறங்கும்போது அவை கெட்டிருக்கக்கூடும்.

பம்ப் ஓடுகிறது, சர்க்கரை இறங்கவில்லை

இதில் தாமதம் கூடாது. பம்பில் இருப்பது விரைவாக வேலை செய்யும் இன்சுலின் மட்டுமே. நீண்ட நேரம் நிற்கும் இன்சுலின் உடலில் சேமிப்பாக இல்லை. குழாய் மடங்கியோ, தோலுக்குள் போன மென்குழல் வளைந்தோ இன்சுலின் நின்றுவிட்டால், முதல் வகை நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில மணி நேரத்திலேயே கீட்டோன், அதாவது இன்சுலின் இல்லாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலப்பொருள், இரத்தத்தில் ஏறத் தொடங்கும். அடைப்பு முழுமையாக இல்லாவிட்டால் பம்ப் எச்சரிக்கையும் தராது.

காரணமின்றி 250-க்கு மேல் போனால், முதலில் பம்ப் வழியே திருத்த அளவு, அதாவது ஏறிய சர்க்கரையை இறக்கக் கூடுதலாகப் போடும் இன்சுலின், கொடுங்கள். ஒரு மணி நேரத்தில் இறங்கவில்லை என்றால் பம்பை நம்புவதை நிறுத்துங்கள். அடுத்த அளவை, மருத்துவர் எழுதிக் கொடுத்த கணக்குப்படி, இன்சுலின் பேனா அல்லது சிரிஞ்சால் போடுங்கள். அதன் பிறகுதான் குழாய், மென்குழல், இன்சுலின் மூன்றையும் புதிதாக மாற்ற வேண்டும். வரிசை முக்கியம்: மாற்றுவதில் இறங்கி அரை மணி நேரத்தைக் கழித்த பின் ஊசி போடுபவர்களே அதிகம். கீட்டோனையும் பாருங்கள், இரத்தக் கீட்டோன் 1.5-க்கு மேல் என்றால் மருத்துவரை அழைக்க வேண்டும், 3-ஐத் தொட்டாலோ வாந்தி நிற்காவிட்டாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும். பம்ப் வைத்திருப்பவர் வீட்டில் பேனாவும் ஊசியும் இல்லாமல் இருப்பதை நான் பார்க்கும்போதெல்லாம் கட்டாயப்படுத்தியாவது வாங்க வைக்கிறேன்.

இரண்டு மூன்று நாளுக்கொருமுறை இடம் மாற்றாமல், வலிக்காத இடமென்று ஒரே இடத்தில் குத்தினால் அங்கே கொழுப்புக் கட்டி தடித்துவிடும். அதில் இன்சுலின் ஒழுங்காக உறிஞ்சப்படாது. கையால் தடவிப் பார்த்தாலே கெட்டியாகத் தெரியும்.

மருந்து ஒட்டு போட்டவர் தூங்கிக்கொண்டே இருக்கிறார்

புற்றுநோய் வலிக்குப் போடும் ஃபென்டனில் ஒட்டு சாதாரணமாக 72 மணி நேரத்துக்கானது. அதற்கு மின்கலமோ திரையோ கிடையாது. தோலின் சூடும் பரப்பும்தான் எவ்வளவு மருந்து உள்ளே போகும் என்பதை முடிவு செய்கின்றன. காய்ச்சல் வந்தாலோ, அந்த இடத்தில் வெந்நீர்ப் பை வைத்தாலோ, வெயிலில் உட்கார்ந்தாலோ, மருந்து வேகமாக உள்ளே இறங்கும். எழுப்பினாலும் எழாத தூக்கம், மெதுவான மூச்சு, ஊசிமுனையாகச் சுருங்கிய கண்மணி ஆகியவற்றைக் கண்டால் ஒட்டைப் பிய்த்துவிட்டு 108-ஐ அழையுங்கள். பிய்த்த பின்னும் தோலுக்குள் தங்கிய மருந்து பல மணி நேரம் வேலை செய்துகொண்டே இருக்கும் என்பதால், கண் விழித்தவுடன் ஆபத்து நீங்கிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது.

முதுகிலும் தோளிலும் பழைய ஒட்டு ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று உடம்பு முழுவதும் தேடுங்கள். மறதி நோய்க்குப் போடும் ரிவாஸ்டிக்மின் ஒட்டிலும் பழையதை எடுக்காமல் புதியதைப் போட்டுவிடும் தவறு நடக்கிறது. அதை நாள்தோறும் மாற்ற வேண்டும், 14 நாளுக்குள் அதே இடத்தில் ஒட்டக் கூடாது. எங்கள் கடையில் ஒரு எளிய வழி சொல்கிறோம்: கழற்றிய ஒட்டைக் கண்ணால் பார்த்த பின், அன்றைய நாட்காட்டித் தாளில் நேரத்தையும் ஒட்டிய இடத்தையும் எழுதிவிட்டு, அப்புறம் புதியதைப் பிரியுங்கள். செலவைக் குறைக்க ஒட்டைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். மருந்தை உறை போல் தேக்கி வைத்திருக்கும் வகையானால் மொத்தமும் ஒரேயடியாகக் கசியும்.

நெஞ்சுவலிக்கான நைட்ரோகிளிசரின் ஒட்டை 24 மணி நேரமும் போட்டிருந்தால் உடல் அதற்குப் பழகி, மருந்து வேலை செய்யாமல் போகும். 12 முதல் 14 மணி நேரம் வைத்து, மீதி நேரம் எடுத்துவிடுவதே முறை.

கழற்றிய ஒட்டில் மருந்து மிச்சம் இருக்கும். பாட்டியின் கையிலிருந்து உரிந்த ஒட்டு, பக்கத்தில் தூங்கும் குழந்தையின் மேல் ஒட்டிக்கொள்ளலாம். ஃபென்டனில் ஒட்டைத் தொட்ட குழந்தைகள் இறந்த நிகழ்வுகளைக் குறிப்பிட்டு 2012-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. பசை உள்பக்கம் வரும்படி மடித்து, குழந்தைக்கும் நாய்க்கும் எட்டாதபடி அப்புறப்படுத்துங்கள்.

மாற்றுச் சென்சார் கேட்கும் முன்

மேலே சொன்னவற்றைப் பார்த்த பிறகும் எண் ஒத்துப்போகவில்லை என்றால் கருவி உண்மையிலேயே பழுதாக இருக்கலாம். அப்போது பெட்டியையும் அதிலுள்ள வரிசை எண்ணையும் வைத்துக்கொள்ளுங்கள். விரலில் குத்திய எண்ணும் அதே நிமிடத்தில் சென்சார் காட்டிய எண்ணும் தெரியும்படி, அமைதியான வேளைகளில் மூன்று முறை படம் எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றோடு கேட்டால் நிறுவனத்தின் உதவி எண்ணில் பேசுவது எளிது. கையிலிருந்து அதைப் பிய்க்காமல் அப்படியே கடைக்கு வாருங்கள். கையில் இருக்கும்போது பார்த்தால்தான் ஒட்டிய இடம் சரியா, அழுந்துகிறதா, ஓரம் எழும்பியிருக்கிறதா என்பதை எங்களால் சொல்ல முடியும்.